வெறுங்கையோடு விடாத வாசல்

ஸ்கெலட்டன் லைனில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது படிப்பதற்காக அல்ல, அப்பன்மார் தூங்குவதற்காக.

ராத்திரி ஷிப்டு முடிந்து விடியலில் தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வருகிற ஆளுக்கு, வரிசையாகக் கட்டிய லைனில் மூங்கில் தட்டியால் நாலு பக்கமும் மறைத்த ஒற்றை அறைதான் வீடு. அதில் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கண்மூட முடியாது. ஆகவே அப்பனுக்கு ராத்திரி ஷிப்டு விழுந்த வாரங்களில் பிள்ளைகளின் முகத்தைக் கழுவி மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் துரத்திவிட்டார்கள். ஷிப்டு பகலுக்கு மாறியதும் அம்மாக்காரியும் மில்லில் கல் பொறுக்கப் போய்விடுவாள். பிள்ளைகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்றுகொள்வார்கள்.

வந்த புதிதில் பாக்கியவதிக்கு இது தெரியாது. ஒரு சாயங்காலம் கங்கம்மா வீட்டு வாசலில் போய் நின்று, "முனிரத்தினம் ஏன் வரல?" என்று கேட்டாள்.

கங்கம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "அவங்கப்பன் பகல்ல வேலைக்குப் போவுது வாத்தியாரம்மா. வீடு காலியாத்தான கீது. அப்புறம் இன்னாத்துக்குப் பள்ளிக்கூடம்?"

"படிக்கிறதுக்கு."

"அத அடுத்த ஷிப்டுல படிப்பான்" என்றாள் கங்கம்மா, பெரிய மனது பண்ணி.

பாக்கியவதி குடியாத்தத்துப் பக்கம் பிறந்தவள். மிஷன் போர்டிங்கில் வளர்ந்து, வேலூரில் வாத்தியார் பயிற்சி முடித்தாள். கணீரென்ற குரல். பயிற்சிப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அந்தக் குரலுக்குத்தான். சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்த ஜெயகரனைக் கட்டிக்கொண்டு, தங்கவயலில் ரயிலைவிட்டு இறங்கியதும் அவள் வானத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"மேகமே இல்ல. இன்னா இது இடி?"

"மில்லு. கல்ல இடிக்குது. காது பழகிடும்."

"எப்ப நிக்கும்?"

"நிக்காது. நின்னா லைன்ல எல்லாரும் முழிச்சிக்குவாங்க" என்றான் ஜெயகரன்.

பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். மில்லின் இடி தகரத்தில் வந்து விழுகையில் சாதாரணமாகப் பேசினால் முன்வரிசைக்கே கேட்காது. அதனால் பாடம் என்றால் கூட்டாகக் கத்துவதுதான். அவள் ஒரு வரி சொல்வாள். பிள்ளைகள் அதை வாங்கி, இடிக்குத் தாளம் பிடித்துத் திருப்பிச் சொல்வார்கள். ஓரேழு ஏழு, ஓர் இடி. ஈரேழு பதினாலு, ஓர் இடி. வாய்ப்பாடு, நதிகள், மாதங்கள் எல்லாம் இப்படியே. வழியில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். வாத்தியாரம்மா நன்றாகப் பாடம் நடத்துகிறாள் என்று லைன் முழுக்கப் பேச்சு. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், இன்ஸ்பெக்டர் வரும்வரை.

இன்ஸ்பெக்டர் கோலாரிலிருந்து வந்த கன்னடக்காரர். தமிழ் நன்றாக வரும். மெலிந்த, மரியாதையான மனிதர். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கூரை அதிரப் பாடி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு முன்னால் இருந்த ஐடா என்ற பெண்ணிடம், "எட்டேழு எவ்வளவு?" என்றார்.

"ஓரேழு ஏழு" என்று ஐடா ஆரம்பித்தாள்.

"அதில்லை அம்மா. எட்டேழு மட்டும்."

ஐடா யோசித்தாள். மறுபடியும் "ஓரேழு ஏழு" என்றாள். அவர் முனிரத்தினத்தைப் பார்த்தார். அவன் மில்லின் அடுத்த இடிக்காகக் காத்திருந்து, அதோடு சேர்ந்து "ஓரேழு" என்று எடுத்தான். பாலாறு எங்கே பிறக்கிறது என்றதற்குச் சம்பங்கி என்கிற சின்னப்பெண் கங்கையிலிருந்து நதிகளை வரிசையாகப் பாடிக்கொண்டு போய், பாலாறு வருவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. "நன்றாகப் பாடுகிறார்கள்" என்றார். மேலிடத்துக்கும் அதையே எழுதினார்.

மிஷன் பள்ளிகளை மேற்பார்வை பார்த்தவள் இசபெல்லா அம்மாள். ஜட்காவில் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிற வெள்ளைக்கார அம்மாள். தமிழை வேதாகமத்தில் கற்றவள்.

"பாக்கியவதியே, அடுத்த வருஷமும் பிள்ளைகள் பாட மாத்திரம் அறிந்திருப்பார்களேயானால் இந்தப் பள்ளி மூடப்படும். இவர்கள் மைசூர் மைன்ஸ் பள்ளிக்குப் போகக்கடவார்கள்."

"அவ்ளோ தூரம் யாரும் அனுப்ப மாட்டாங்க அம்மா. அப்பன் தூங்கறதுக்குத் தெருவுல விட்டாப் போதாதா?"

இசபெல்லா அம்மாளும் இதை விரும்பிச் சொல்லவில்லை.

பாக்கியவதி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். இன்னும் சத்தமாகக் கத்தினாள். ஒரு தடவை பாடியதை மூன்று தடவை பாட வைத்தாள். ஷிப்டு மாறிப் புதுக் கூட்டம் வரும்போதெல்லாம் அவர்களுக்காக முதலிலிருந்து ஆரம்பித்தாள். தை மாதப் பனியும் மில் தூசியும் சேர்ந்துகொண்டன. ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"கல்யாணமாகி இன்னிக்குத்தான் நான் பேசறது எனக்கே கேக்குது" என்றான் ஜெயகரன். அவள் கரண்டியை எடுத்தாள். அவன் வெளியே ஓடினான்.

டிஸ்பென்சரியில் கஷாயம் கொடுத்து, குரல் திரும்பும்வரை கத்தக்கூடாது என்றார்கள். பள்ளிக்கூடம் வந்து பலகையில் எழுதிப்போட்டாள். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் பாட்டு கிளம்பவில்லை. கொட்டகைக்குள் மில்லின் இடி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மணி அடித்ததும் எல்லாரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். வரிசை என்று சொல்லக் குரல் இல்லாததால் அவள் ஓடிப்போய் வாசலின் குறுக்கே கையை நீட்டினாள். முதலில் வந்து முட்டியவள் ஐடா. குறுக்கே நின்ற கையைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு கைகளையும் மேலே தூக்கி, வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டினாள்.

கொட்டகையே சிரித்தது. ஷிப்டு முடிந்து மேலே வரும் ஆட்களை வாசலில் வாட்ச்மேன்கள் இப்படித்தான் நிறுத்துவார்கள். தலைப்பாகையை உதறி, இடுப்பைத் தடவி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், தங்கக் கல் எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிறானா என்று. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அது தெரியும். லைனில் அதுதான் விளையாட்டே.

பாக்கியவதியும் சத்தமில்லாமல் சிரித்தாள். ஐடாவின் தலையைத் தடவி, காதருகே குனிந்தாள்.

"வாயில ஒண்ணும் இல்ல. தலையில இன்னா வெச்சிகினு போற? எடு."

"ஒண்ணும் இல்ல வாத்தியாரம்மா."

"அப்ப விட மாட்டேன்."

ஐடா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். "பாலாறு நந்தி மலையில பொறக்குது." பாக்கியவதி அவளைப் போக விட்டாள். அடுத்தவனும் பலகையைப் பார்த்தான். அடுத்தவளும் பார்த்தாள். இது தேறாது என்று பாக்கியவதிக்குத் தோன்றியது. போய்ப் பலகையை அழித்தாள். வரிசை முனகியது.

"இன்னிக்குச் சரக்கு செல்லாது" என்று கிசுகிசுத்தாள். "நேத்துச் சரக்கு எடுங்க."

யாரிடமும் எதுவும் இல்லை.

நேற்றுத்தான் அவள் தொண்டை கிழியக் கத்தினாள். நேற்றுத்தான் இந்தப் பிள்ளைகள் ஆறாம் வாய்ப்பாட்டை மூன்று தடவை, ஒரு பிசகில்லாமல் பாடினார்கள். அத்தனையும் எங்கே போயிற்று? அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திருட்டுத்தனம் இல்லை. உண்மையிலேயே இல்லை. பாதி விடையை எடுத்துக் கொடுத்து, மீதியை அவர்களையே தேட வைத்து, ஒவ்வொருவராக விட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது.

ஜெயகரனிடம் பாதிக் கையாலும் பாதி மூச்சாலும் சொன்னாள். அவன் வெகுநேரம் சிரித்தான்.

"அங்க வெச்சிருந்தா பிடிக்கிறான். நீ வெச்சிருக்கலன்னா பிடிக்கிற. நம்ம ஜனம் எந்த வாசல்லதான் நிம்மதியாப் போறது?"

மறுநாளும் கையை நீட்டினாள். முதல் சில நாள் வாசலில் ஒரே அவதி. சம்பங்கி அழுதாள். ஒருவன் பன்னிரண்டு மாதப் பெயர்களில் ஏழு பெயரைத் தொலைத்தான். பார்க்கிற யாருக்கும் பிள்ளைகள் முன்னைவிட மக்காகிவிட்டதாகத்தான் தெரியும். அவளுக்கே அப்படித் தெரிந்தது. குரல் இருந்திருந்தால் பாட்டுக்கே திரும்பியிருப்பாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். பலகையைப் பார்த்து டக்கென்று சொன்னவன் மறுநாள் விழித்தான். தலையைச் சொறிந்து, தப்பாகச் சொல்லி, திருத்தி வாங்கிக்கொண்டு போனவன் மறுநாள் கேட்பதற்கு முன்பே சொன்னான். சம்பங்கி எதற்காக அழுதாளோ, அந்த ஆறெட்டு நாற்பத்தெட்டை அதற்குப் பிறகு தொலைக்கவே இல்லை.

பிறகு முனிரத்தினம் வந்தான். அப்பனின் பகல் ஷிப்டு முடிந்து, இரண்டு வாரம் கழித்து. முன்பென்றால் அவனுக்காக முதலிலிருந்து கத்தியிருப்பாள். இப்போது குரல் இல்லை. உள்ளே வரும்போதே மறித்தாள். "போன ஷிப்டுச் சரக்கு. எட்டேழு?"

அவன் கண்ணை மூடினான். நின்றான். நெற்றி சுருங்கியது. கிணற்றில் விழுந்த செம்பைத் துழாவுகிறவன் மாதிரி முகம். "அம்பத்தி... அம்பத்தாறு" என்றான், தானே நம்பாமல். ஒரு வாரம் கழித்து, நதிகளுக்கு நடுவே திடீரென்று அதையே கேட்டுப் பார்த்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்பத்தாறு வாத்தியாரம்மா, அது என்னுது."

இத்தனை நாளாக எந்த ஷிப்டு தன் பள்ளிக்கூடத்தைக் கெடுக்கிறது என்று அவள் நினைத்திருந்தாளோ, அது பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தது. கொஞ்சம் மறக்க விட வேண்டும். முழுசாய்ப் போவதற்குள் கேட்க வேண்டும். அவளாகச் சொல்லக்கூடாது, அவர்களே எடுக்க வேண்டும். இவ்வளவுதான். அதற்குப் பிறகு வாசலில் மூன்று வகைச் சரக்கு ஆயிற்று: நேற்றையது, போன வாரத்தது, போன ஷிப்டுடையது. வாய்ப்பாடும் நதியும் எழுத்தும் கலந்து வரும், எது வரும் என்று தெரியாது. போன ஷிப்டுச் சரக்கைக் கொண்டுவந்தவர் அன்றைக்கு மேஸ்திரி. மேஸ்திரிக்கு மற்றவர்களைத் தடவிப் பார்க்கும் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்துக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

மாசி முடிவதற்குள் குரல் திரும்பியது. பாட்டு திரும்பவில்லை.

"இன்னா வாத்தியாரம்மா, சத்தமே காணோம். பள்ளிக்கூடத்த மூடிட்டாங்களா?" என்று கங்கம்மா கேட்டாள்.

"நடக்குது."

"சத்தமில்லாமயா? இன்னா படிப்போ." கங்கம்மா சிறிது யோசித்தாள். "ஆனா இவரு நல்லாத் தூங்குது."

இசபெல்லா அம்மாளும் பயந்துதான் ஜட்காவிலிருந்து இறங்கினாள். அமைதியான பள்ளிக்கூடத்தை அவள் அதுவரை கண்டதில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்து, வாசலில் நடந்ததைப் பார்த்தாள். எல்லாரும் போனபின் பெஞ்சில் பாக்கியவதியின் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"ஜெர்மன் தேசத்தில் ஒருவர் இதை ஆராய்ந்திருக்கிறார் என்று வாசித்தேன். அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது என்று அளந்தார். பாதிக்கு மேல் ஒரே நாளில் அழிந்துபோகிறதாம். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்ததோ நிலைநிற்கிறதாம்."

"தாமேவா? அவரு வீட்ல புள்ளைங்க இல்லியா அம்மா?"

இசபெல்லா அம்மாள் யோசித்தாள். "அதைக் குறித்து எழுதப்படவில்லை" என்றாள். பிறகு இரண்டு பேருமே சிரித்தார்கள். போகும்போது அம்மாள் மட்டும் மறுபடி முகம் வாடினாள். "இன்ஸ்பெக்டர் இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ, அறியேன்."

சித்திரையில் இன்ஸ்பெக்டர் வருகிற நாள் தெரிந்தது. அந்த வாரம் வந்துகொண்டிருந்த கூட்டம் நல்ல கூட்டம். ஐடா, சம்பங்கி எல்லாரும் அதில் இருந்தார்கள். பாக்கியவதிக்குத் தைரியம் இருந்தது. ஆனால் முந்தின நாள், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டின் கயிற்றை மாற்றும் வேலை வந்து, வாரத்தின் நடுவிலேயே பகல் ஆட்களையும் ராத்திரி ஆட்களையும் மாற்றிவிட்டார்கள்.

காலையில் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தது மற்றக் கூட்டம். இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத பிள்ளைகள். முன்வரிசையில் முனிரத்தினம், எண்ணெய் வழியும் தலையோடு.

"இன்னாடா நீ வந்திருக்க?"

"எங்கப்பன் தூங்குது" என்றான் அவன்.

அவர்களிடம் ஏதாவது பேசலாம் என்பதற்குள் இன்ஸ்பெக்டரின் ஜட்கா வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐடா வந்து நின்றாள். கைக்குழந்தையோடு உள்ளே வரக்கூடாது என்பதால் நிலையில் சாய்ந்துகொண்டாள். அவளை ஏக்கத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டு பாக்கியவதி திரும்பினாள்.

இன்ஸ்பெக்டர் பாட்டுக்காகக் காத்திருந்தார். பாட்டு வரவில்லை.

"பாட மாட்டார்களா?"

"கேட்டாச் சொல்வாங்க" என்றாள்.

"எட்டேழு?" அவர் விரல் முனிரத்தினத்திடம் நீண்டது.

"அம்பத்தாறு."

அவர் விரலை எடுக்கவில்லை. "ஆறேழு?" அவன் கண்ணை மூடினான். மில் ஒரு தடவை இடித்தது. இன்னொரு தடவை இடித்தது. பாக்கியவதிக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் போலிருந்தது; சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "நாப்பத்திரண்டு."

"பாலாறு எங்கே பிறக்கிறது?"

"நந்தி மலையில" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. "எங்க ஊருக்குப் போவுது. ஆறு மட்டும் போவுது, தண்ணி போவாது."

இன்ஸ்பெக்டரின் மீசை அசைந்தது. அவர் வரிசையைக் கலைத்துக் கேட்டார். மாதம், வாய்ப்பாடு, எழுத்து, மறுபடி மாதம். ஒரு சின்னவன் பலகையில் இருந்த சொல்லைப் படிக்க முடியாமல் நின்று, "இத இன்னும் எடுக்கல சார். நாளைக்குக் கேளுங்க" என்றான். மற்றப்படி, யோசித்து யோசித்து, பெரும்பாலும் சரியாகவே வந்தது.

"ஒழுங்காகத் தினமும் வருகிறாயா?" என்று முனிரத்தினத்தைக் கேட்டார்.

"ரெண்டு வாரமா வரல சார்."

"பிறகு எப்படி?"

"தண்ணித் தொட்டியாண்ட ஐடா மறிக்கிறா சார். சரக்கு எடுத்தாத்தான் கொடம் வெக்க விடுவா."

பாக்கியவதி வாசலைப் பார்த்தாள். இது அவளுக்கும் தெரியாது. ஐடா தம்பியின் மூக்கைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுத வேண்டியதை எழுதி, குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஐடா தன்னிடமிருந்த ஒற்றைக் கையை நிலையின் குறுக்கே ஊன்றினாள்.

"ஐடா" என்றாள் பாக்கியவதி.

"நீங்கதான வாத்தியாரம்மா சொன்னீங்க, யாரையும் வெறுங்கையோட விடக்கூடாதுன்னு."

"என்னம்மா வேண்டும்?" என்றார் அவர்.

"போன வருசச் சரக்கு. நாங்க இன்னா பாடனோம்?"

இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றி நின்றார். "ஏழாம் வாய்ப்பாடு."

"எட்டேழு?"

அவர் வாயைத் திறந்தார். சற்று முன்பு அவரே கேட்டதுதான். வரவில்லை. மில் இடித்தது. அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. பக்கத்தில் நின்ற பாக்கியவதிக்கு மட்டும் முதலில் கேட்டது: "ஏளொந்த்லா ஏளு, ஏளெரட்லா..."

"சார் பாடறாரு" என்றான் முனிரத்தினம்.

கொட்டகை வெடித்தது. அவர் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே, கன்னடத்தில், மில்லின் இடிக்குத் தாளம் பிடித்துப் பாடினார். பிள்ளைகள் தமிழில் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அவர் ஐவத்தாறு என்ற இடத்தில் இவர்கள் ஐம்பத்தாறு என்று முடிக்க, ஐடா கையை எடுத்தாள்.

ஜட்காவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் பாக்கியவதியைப் பார்த்துப் பேசினார். "இந்தப் பள்ளி இங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், அம்மா. அடுத்த வருஷம் வாசலில் கேட்டால் தயாராகச் சொல்வேன்."

ஜட்கா தூசியில் மறைந்தது. பாக்கியவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஐடா தம்பியை மறு இடுப்புக்கு மாற்றியபடி, கவலையோடு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோலார்ல தண்ணித் தொட்டி கீதா வாத்தியாரம்மா?"

"ஏன்டி?"

"ஒரு வருசம் ஆவுமே. நடுவுல யாராச்சும் அவரக் கேக்கணுமில்ல?"